எதிர் நாற்காலி

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது நான் பார்த்ததெல்லாம் அவருடைய உச்சந்தலையைத்தான். அவர் பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவார், நான் நின்றுகொண்டு பரிமாறுவேன். அவருக்கு இரட்டைச் சுழி என்பது அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. அவர் கை கழுவிய பிறகு ஆறிப்போன சோற்றோடு நான் அடுப்படியில் உட்காருவேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். யாரும் அதைக் கொடுமை என்று சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒருமுறை பக்கத்து டவுனான தானா ராத்தாவுக்குச் சாமான் வாங்கப் போனபோது, ஒரு ஹோட்டலின் கண்ணாடி ஜன்னல் வழியாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சவில்லை, சிரிக்கவில்லை, பேசிக்கொள்ளக்கூட இல்லை. அவர் பேப்பர் படித்தார், அந்த அம்மாள் முட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு பேரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அந்த ஒரு பார்வையின் மேல் எனக்கு அப்படியொரு ஆசை வந்துவிட்டது. வீட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், நான் ஏழு மாதமாக இருந்தபோது, ராமநாதபுரத்துப் பாய் ஒருவர் தானா ராத்தாவில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறந்தார். பளிங்கு மேசையாம், நாற்காலியாம், ரொட்டி சானாய் பூப்போல உதிர்கிறதாம் என்று லோரி டிரைவர் வந்து லயம் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். வயிற்றுப் பிள்ளைக்காரியின் ஆசையைத் தட்டக் கூடாது என்று என் வீட்டுக்காரரை யாரோ நன்றாக மிரட்டி வைத்திருந்த நேரம் அது.

"என்ன வேணும்னு கேளு, வாங்கியாறேன்" என்றார்.

"அந்தப் பாய் கடையில சாப்பிடணும்."

"அதுக்கென்ன, ஞாயித்துக்கெழம பங்குஸ் பண்ணிக் கொண்டாந்துர்றேன்."

"பொட்டலமெல்லாம் வேணாம். அங்கேயே போயி நாற்காலியில உக்காரணும். நீங்க எனக்கு எதுத்தாப்புல உக்காரணும். ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடணும்."

அவர் சட்டைப் பையில் இருந்த காசை எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஆட்டுக்கறியா, கோழியா?" என்று கேட்டார்.

நல்ல மனிதர்தான். அவருக்கு இருந்த ஒரே வியாதி துரை. தோட்டத்தை நடத்தும் அந்தத் துரையின் ஜீப் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டால் இவர் இந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றிவிடுவார். துரை வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைகள் போய் இந்நாட்டுக்காரர்களே துரைகளாகிப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் எங்கள் ஆட்களின் முழங்கால்களுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. அப்போது இருந்த துரை கோலாலம்பூரிலிருந்து வந்த சின்னப் பையன். மீசைகூடச் சரியாக வரவில்லை. அவனைப் பார்த்தும் எழுந்து நின்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லோரியில் வந்து இறங்கி நாங்கள் கடைக்குள் போனபோது, பாதி தோட்டம் அங்கேதான் இருந்தது. எங்கள் கங்காணி நடுமேசையில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு எலும்பு கடித்துக்கொண்டிருந்தார். பாய் ஓடி வந்து, "வா தங்கச்சி, சுவரோரமா உக்காரு, குளுராது" என்று என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே சுவரோடு சேர்த்து ஆணியடித்த ஒரு பெஞ்சு இருந்தது. நான் உட்கார்ந்ததும், நடக்க வழி வேண்டும் என்று மேசையை என் பக்கமாக நெட்டிவிட்டார். பளிங்கு வந்து வயிற்றில் இடித்தது. எதிர் நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். ரொட்டியும் ஆட்டுக்கறியும் ஆவி பறக்க வந்தன. அவர் முதல் வாய்க்குப் பிய்த்தார், நானும் பிய்த்தேன். இதோ நிமிர்ந்து பார்க்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

துரை உள்ளே வந்தார்.

கடையில் இருந்த அத்தனை நாற்காலியும் ஒன்றாகக் கிறீச்சிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். குழம்புக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கங்காணியின் வாயில் எலும்பு இருந்தது. துரை முன்னால் மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல், கன்னம் புடைக்க ஏதோ ஒரு வணக்கம் சொன்னார். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து காய்கறி இறக்க வந்திருந்த சீனர் ஒருவர், விஷயம் தெரியாமலே கோப்பிக் கிளாசோடு எழுந்து நின்றார். பாயோ, சாப்பாடு பிடிக்காமல் மொத்தப் பேரும் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து வாசலை மறித்துக்கொண்டார்.

"என்னண்ணே, உப்பு கூடிப்போச்சா? சொல்லுங்கண்ணே, மாத்தித் தர்றேன்லா."

துரை என்ன நினைத்தார் என்பது பிறகு அவருடைய ஜீப் டிரைவர் சொல்லித் தெரிந்தது. கடை திறப்புக்கு ஏதோ பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்தாராம். அதனால் அவரும் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். துரை நிற்கும்போது எவன் உட்காருவான்? ஆகவே யாரும் உட்காரவில்லை. யாரும் உட்காராததால் பிரார்த்தனை முடியவில்லை என்று துரையும் நின்றார். எங்கள் ஊர்க் குளிருக்கு ஆட்டுக்கறிக் குழம்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்துகொண்டு வந்தது.

அத்தனை பேரிலும் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். வீரமெல்லாம் இல்லை. நானும் எழுந்திருக்கத்தான் பார்த்தேன். பின்னால் சுவர், முன்னால் பளிங்கு, நடுவில் ஏழு மாதம். அசைய முடியவில்லை. இந்தக் கதையைப் பிற்பாடு கேட்ட யூனியன்காரர் ஒருவர், தோட்டத்தில் முதன்முதலாகத் துரை முன்னால் எழாமல் இருந்த பெண் நான்தான் என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கினார். மேசையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில் துரைக்குக் கொஞ்சம் விளங்கியது. "டுடோக்லா, டுடோக்" என்று மலாயில் எல்லோரையும் உட்காரச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. சரி, தான் உட்கார்ந்தால் இவர்களும் உட்காருவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஓர் ஆள் விறைத்து நின்றான். மனிதர் மாதிரி உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான். நேராக வந்து என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

பாய் துரைக்குச் சுடச்சுட ரொட்டி கொண்டுவந்து வைத்தார். துரை கூச்சத்தோடு பிய்த்துத் தின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்து அரைகுறைத் தமிழில், "எத்தனை மாசம்?" என்று கேட்டார். "ஏழு" என்றேன். நான் ஆசைப்பட்ட மாதிரியே எதிரில் ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நடுவில் நிமிர்ந்தும் பார்த்தார். ஆள்தான் மாறிப்போயிருந்தது.

அவருடைய தோளுக்கு மேலே என் வீட்டுக்காரரின் முகம் தெரிந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று கண்ணாலேயே ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். கையில் அந்த ஆறிப்போன தட்டு. எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும்.

"துரை," என்றேன், "அது எங்க வீட்டுக்காரரு எடம்."

கங்காணி எலும்பை அப்படியே விழுங்கிவிட்டார். துரைக்கு வார்த்தை புரிந்ததோ இல்லையோ, என் கண் போன இடம் புரிந்தது. திரும்பிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் தட்டோடு நிற்கும் மனிதரைக் கண்டதும் முகம் சிவந்து துள்ளி எழுந்தார். "மாஆஃப், மாஆஃப்" என்று என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் ரொட்டியைப் பங்குஸ் பண்ணச் சொல்லிக் கல்லாப் பக்கம் போய் நின்றார்.

"உக்காருங்க" என்றேன்.

"துரை நிக்கிறாரு புள்ள" என்றார், உதடு அசையாமல்.

"துரைதான ஒங்களுக்கு எடம் விட்டாரு? உக்காரலேன்னா அவருக்குத்தான் மரியாதக் கொறச்சல்."

துரைக்கு மரியாதைக் குறைச்சல் என்றால் அவர் கிணற்றில்கூடக் குதிப்பார். நாற்காலியின் நுனியில், வெந்நீரில் உட்காருகிறவர் போல உட்கார்ந்தார். பாய் பொட்டலம் கட்டி முடிக்கும் வரை அந்தக் கடை முழுக்க நின்றுகொண்டிருந்தது. துரை நின்றார், கங்காணி நின்றார், காய்கறிக்காரச் சீனர் நின்றார். உட்கார்ந்து சாப்பிட்டது நாங்கள் இரண்டு பேர்தான். ரொட்டி தோலாக இழுத்தது, குழம்பு நாக்கில் ஒட்டியது. அவர் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொலை பண்ணுகிற மாதிரிப் பார்வை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேசையை இழுத்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள். திரும்பும்போது லோரியில் அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எடுக்கும்போது, வேலை போய்விட்டது என்று நினைத்தே போய் நின்றாராம். துரை பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாராம்.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்தார். பலகையைப் போட்டு, சோறு போட்டு, பக்கத்தில் வழக்கம்போல் நின்றேன். இரட்டைச் சுழி வெகு நேரம் அசையவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீயும் ஒரு தட்டு எடுத்துக்க" என்றார். "எதுத்தாப்புல உக்காரு."

நான் அவசரமாக உட்காரப் போனேன்.

"இரு, இரு" என்றார். "மொதல்ல கதவச் சாத்து."