அத்தான் கழுவிய பளிங்கு

எங்கள் வீட்டில் நாலு பெண்கள். மூத்தவளைக் கட்டிய அத்தானுக்குக் கல் மெருகு போடும் தொழில். நாற்பது வருஷம் மெஷின் பிடித்த கை. கல் வந்து இறங்கினால் உடைந்த மூலையில் ஒரு சொட்டு ஆசிட் விடுவார். நுரைத்தால் பளிங்கு. சும்மா கிடந்தால் கிரானைட்.

"சிப்பியும் கிளிஞ்சலும் கடலடியில சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகுது. அது பூமிக்குள்ள இறங்கி, மேல மலை அழுத்த, கீழ சூடு ஏற, உருகாமலே வெந்து பளிங்காகுது. சிப்பித் தடம்கூட இருக்காது, சர்க்கரை மாதிரி மினுக்கும். ஆனா உள்ளுக்குள்ள அதே சுண்ணாம்புதான். உங்க அக்கா மாதிரி. புளிப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பொங்கிடுவா."

"இத்தனை வருஷம் தேய்ச்சும் உங்களுக்கு மெருகு போடத் தெரியலையே!" என்று அடுப்படியிலிருந்து அக்கா குரல் வரும்.

பிள்ளை குட்டி இல்லாமலே அக்கா போய்ச் சேர்ந்தாள். கல்லறைக்கு வெள்ளைப் பளிங்கு வைத்து, தானே உளி பிடித்து அவள் பெயரை வெட்டினார் அத்தான். அவள் பெயர் நிற்க வேறு இடமில்லை. எழுத்து வெட்டிப் பழகாத கை, ஆழம் பற்றவில்லை.

மூன்றாம் வருஷம் கல்லில் பாசி. கழுவப் போனோம். அத்தான் பையிலிருந்து கேனை எடுத்து ஊற்றினார். நான் தூரத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தால், கல் முழுக்க நுரை.

"என்னத்தான், சோப்பா?"

கேனை முகர்ந்து பார்த்தார். கிரானைட் படியில் சிமெண்ட் கறை எடுக்கிற ஆசிட். கறை என்றதும் கை பழக்கத்தில் அதையே எடுத்திருக்கிறது. என் வாளியைப் பிடுங்கி ஊற்றினார். நுரை அடங்கியபோது பெயர் கரைந்து, உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"ஊருக்கெல்லாம் சொன்னவன்... என் கையாலேயே..."

"மறுபடி வெட்டுங்களேன்."

கையை நீட்டிக் காட்டினார். நடுங்கியது. வேறு ஆள் உளி படவும் சம்மதிக்கவில்லை.

"மெருகாவது போடலாமே அத்தான்?"

"போட்டா மேலாப்ல இருக்கிற கல்லு தேஞ்சு போகும் சின்னவளே. மிச்சமிருக்கிற அவ பேரும் அதோட போயிடும்."

மங்கலாகவே விட்டுவிட்டார்.

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறார். போகும்முன் என் வாசலில் நின்று, கல் கழுவ எடுத்துப்போகும் பாட்டிலைத் திறந்து என் மூக்கருகே நீட்டுவார்.

"மோந்து பாரு, தண்ணிதானே?"

"தண்ணிதான் அத்தான்."

"இன்னொரு தடவை பாரு."

பார்ப்பேன்.