கண்டக்டரின் பித்தளை விசில்

நான்கு மாதங்கள் என் பைக் சாவியோடு ஒரு பித்தளை விசில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்கில் நிற்கும்போது "சார் போலீசா?" என்று கேட்டவர்கள் உண்டு. அது என்னுடையது இல்லை. அரியலூர் - திருமானூர் தடத்தில் நான் பஸ் ஓட்டிய பதினோரு வருடமும் எனக்குப் பின்னால் நின்று அதை ஊதியவர் எங்கள் கண்டக்டர். அவருக்குப் பெயர் உண்டு, நான்தான் கூப்பிட்டதில்லை. நான் அவருக்கு டிரைவர், அவர் எனக்குக் கண்டக்டர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை.

எங்களுக்கு வார ஓய்வு ஒரே நாளில் வரும். ஆறு நாளும் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் வெள்ளைப் புழுதி தின்றவர்களுக்கு ஏழாவது நாள் கொஞ்சம் பச்சை தேவைப்பட்டது. உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி ஒருவரிடம் நான் வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கில் பெரம்பலூர், துறையூர் வழியாகப் பச்சைமலை ஏறுவோம். அந்த வண்டியின் குணமே தனி. பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். குடித்ததை நீலப் புகையாக ஊருக்கெல்லாம் காட்டும். ஏழெட்டு உதை வாங்காமல் காலையில் கண் திறக்காது. ஏற்றத்தில் திணறினால் கண்டக்டர் இறங்கிப் பக்கத்திலேயே நடந்து வருவார். "பாசஞ்சர நடக்க வுட்ட வண்டி இது ஒண்ணுதான்" என்று மூச்சு வாங்கத் திட்டுவார். ஆனால் சூடேறிவிட்டால் அது போடும் சத்தம் இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது, இன்றைய வண்டி எதிலும் அதை நான் கேட்டதில்லை.

ஹாரன்தான் அதில் தங்கவே தங்காது. எத்தனை முறை மாற்றினாலும் மலைக் குலுக்கலில் இரண்டு வாரம் தாங்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் சத்தம் கொடுக்காமல் திரும்ப முடியுமா? கண்டக்டர் வழி சொன்னார். "நான் எதுக்கு இருக்கேன்? வளைவுக்கு வளைவு விசில் குடுக்குறேன், நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க." முதல் வளைவு வந்ததும் நீளமாக ஒரு விசில் கொடுத்தார். நான் சடக்கென்று பிரேக் பிடித்துவிட்டேன். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு; வருடக்கணக்காக என் காலுக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். ஏற்றத்தில், வளைவின் நடுவில், வண்டி அணைந்து இருவரும் மரவள்ளி மூட்டை மாதிரி ஓரத்தில் சரிந்தோம். "எதுக்கு டிரைவர் நிறுத்துனீங்க?" என்றார் அவர். "நீங்கதானே விசில் அடிச்சீங்க?" என்றேன் நான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரித்து முடித்து எழுந்திருக்கவே வெகுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து மலையில் இரண்டு விசில்தான். எதிரே வரும் ஜீப்காரர்கள் பஸ் வருகிறதென்று பயபக்தியோடு ஒதுங்கி நிற்பார்கள். வளைவைத் தாண்டி நாங்கள் போய்ச் சேருவோம்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவர் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியிருக்கிறது. முகவாதம். உதடு கோணி, ஒரு கண் மூட மறுத்தது. மற்றபடி கைகால் நன்றாகத்தான் இருந்தன. மெல்ல மெல்லச் சரியாகும், பலூன் ஊதிப் பழகுங்கள் என்றார் டாக்டர். "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று அவர் பலூனைத் தொடவே இல்லை. பஸ் நிறைய ஆட்களை வம்புக்கிழுத்துப் பேசிய மனிதர், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது விசிலை என் கையில் வைத்து, "நீங்களே வச்சுக்கங்க டிரைவர், இனிமே நமக்கு ஆவாது" என்றார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்காக என் மேல் எனக்கே வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆள் உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

போன வாரம் நேரே போய், "மலைக்குப் போறோம், கெளம்புங்க" என்றேன். முடியாது என்றார். ஹெல்மெட் போட்டால் முகம் தெரியாதே என்று அவர் மனைவி சொன்ன பிறகுதான் எழுந்தார். என் மகள் வாங்கிக் கொடுத்த இந்தப் புதுப் பைக் பொத்தானை அழுத்தினால் கிளம்பும். ஹாரனுக்கு லாரிக்காரரே திரும்பிப் பார்ப்பார். துறையூர் தாண்டியும் பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. முதல் வளைவுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, வளையத்திலிருந்து விசிலைக் கழற்றிப் பின்பக்கம் நீட்டினேன்.

"ஹாரன் இருக்குல்ல?"

"இருக்கு. ரைட் குடுத்தாத்தான் வண்டி நகரும்."

எஞ்சினை அணைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தேன். பக்கத்துச் சுவரில் ஒரு குரங்கும் எங்களோடு காத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஹெல்மெட்டின் கண்ணாடியை அவர் மேலே தள்ளும் சத்தம் கேட்டது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு எச்சில் தெறித்தது. பைக்கின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், கோணிய உதட்டை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊதினார். பலவீனமாக ஒரு விசில் வந்தது. "ஒண்ணு குடுத்தா நிறுத்தணும். நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். அதற்கு அவர் சொன்ன கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. நான்கு மாதத்தில் அதைவிட இனிமையாக நான் எதையும் கேட்கவில்லை. அந்த ஆத்திரத்திலேயே இரண்டு விசில் கொடுத்தார். குரங்கு ஓடிவிட்டது.

அதன் பிறகு ஒரு வளைவையும் அவர் விடவில்லை. வளைவே இல்லாத இடத்திலும் ஊதினார். மேலே டீக்கடையில், சுற்றிலும் ஆட்கள் இருக்க, டீ அவர் உதட்டோரம் வழிந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு, "ஒரு பக்கம் லீக்கு" என்று கடைக்காரரிடம் அவரே சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

மாலையில் திருமானூரில் அவர் தெருவுக்குள் திரும்பினோம். பின்னாலிருந்து ஒரே ஒரு விசில். என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. சரியாக அவர் வீட்டு வாசல். இறங்கி ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தார். விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துண்டில்லாத முகத்தோடு தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனார். என் சாவி வளையம் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் கிளம்பாமல் காத்திருந்தேன். உள்ளேயிருந்து இரண்டு விசில் கேட்டது. புறப்பட்டேன்.