பேரு அழிச்ச காருக்கு வார்த்தை தேடறோம்

காரை விக்கறவங்களுக்கு காரோட பேரு வேணும். காரோட போட்டோவை விக்கற எங்களுக்கு அந்தப் பேரு இருக்கவே கூடாது, இதாங்க எங்க தொழிலு.

சேர்ந்த புதுசுல எனக்கும் இது புரியலை. பத்திரிகைக்காரங்க, விளம்பரக்காரங்க, இன்சூரன்ஸ்காரங்க இவங்களுக்கெல்லாம் "ஏதோ ஒரு காரு" படம் வேண்டியிருக்கும். அதுக்குன்னே போட்டோ விக்கற வெப்சைட்டு இருக்கு. அங்க போய் ரெண்டு வார்த்தை அடிச்சா படம் வரிசையா வந்து நிக்கும். எந்த வார்த்தைக்கு எந்தப் படம் வரணும்னு ஒவ்வொண்ணுக்கும் அடியில கீவேர்டும் கேப்ஷனும் எழுதறது நானு. உங்கள்லயும் வீட்டுல உக்காந்து இதே வேலைய பார்க்கறவங்க இருப்பீங்க. "வெள்ளை, கார், ரோடு"ன்னு எழுதிட்டு, அடுத்த வார்த்தை வராம ஃபேனை அண்ணாந்து பாத்திருப்பீங்க. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்.

நான் ஓசூர்ல ஒரு ஃபேக்டரியில டெலிபோன் போர்டுல இருந்தவ. தமிழு, கன்னடம், தெலுங்கு, இங்கிலீசு நாலுலயும் "லைன்ல இருங்க"ன்னு சொல்லியே சர்வீஸ் முடிஞ்சிருச்சு. ரிட்டயர் ஆனப்புறம் பென்ஷன் விஷயமா போட்டோ எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். போட்டோகிராபர் முனிராஜு, "அசையாதீங்கம்மா, வாயி அசையுது"ன்னு சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டாரு. நான் அப்ப எங்க பக்கத்து வீட்டு போர்வெல் கதைய பாதியில விட முடியாம சொல்லிட்டிருந்தேன். கடைசியில கேமராவ கீழ வெச்சிட்டு அவரு சொன்னது: "இவ்ளோ வார்த்தை சும்மா வெச்சிருக்கீங்களே, எனக்குக் கொஞ்சம் குடுங்கம்மா."

மூஞ்சி

ஸ்டுடியோவுல மொத்தம் மூணு பேரு. முனிராஜு எடுப்பாரு. ஸ்டெல்லா கம்ப்யூட்டர்ல சரிபண்ணும். நான் எழுதுவேன். ஸ்டெல்லா கிருஷ்ணகிரியில இருந்து தினம் பஸ்ஸுல வர்ற பொண்ணு. அது வேலை பண்றத பக்கத்துல உக்காந்து பாக்கணும் நீங்க. காரோட நம்பர் பிளேட்டு, முன்னாடி இருக்கற கம்பெனி சின்னம், வீல் நடுவுல இருக்கற சின்னம் எல்லாத்தையும் அழிக்கும். அழிச்ச இடம் தெரியாது. பிறந்ததுல இருந்து அந்தக் காருக்குப் பேரே இல்லாத மாதிரி மொழுமொழுன்னு ஆயிரும். எங்க மாமியாரு அம்மிய கழுவி வெச்சா இப்படித்தான் இருக்கும், முந்தின நாளு அரைச்ச மஞ்சக் கறை எங்க போச்சுன்னே தெரியாது. அது போகட்டும்.

ஒருநாள் ஹெட்லைட்டு செய்யற ஃபேக்டரியில வேலை பாக்கற ஒருத்தரு பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தாரு. மதுரைப் பக்கத்து ஆளு, பேச்சுலயே தெரிஞ்சுது. ஸ்டெல்லாவோட ஸ்கிரீன்ல நின்ன காரைப் பாத்ததும் பேரு, மாடலு, எந்த வருஷம் வந்ததுன்னு கடகடன்னு சொல்லிட்டாரு. ஸ்டெல்லா திகைச்சுப் போச்சு. நான் பூரிச்சுப் போனேன். நம்ம ஊருல யாரைக் கேட்டாலும் காரை ஒவ்வொரு உறுப்பா அடையாளம் சொல்லுவாங்க, ஒருத்தர் கதவு செய்யற ஃபேக்டரி, ஒருத்தர் கண்ணாடி செய்யற ஃபேக்டரி. அவரு போறப்ப ஸ்டெல்லா தோள்பக்கம் குனிஞ்சு ரகசியம் மாதிரி சொன்னாரு: "நெத்திப் பொட்டை அழிச்சிட்டீய, சரி, மூஞ்சிய என்ன செய்வீய?"

அள்ளிப் போட்ட வார்த்தை

முனிராஜுக்கு படம் எடுக்கத் தெரிஞ்ச அளவுக்கு வார்த்தையில அடக்கம் தெரியாது. நான் சேர்றதுக்கு முன்னாடி அவரே எழுதுவாரு. சந்தையில கடைசி நேரத்துல கூறு கட்டற மாதிரி எல்லாத்தையும் அள்ளிப் போட்ருவாரு. நின்ன காருக்கு "வேகம்", ஓசூர் ரிங் ரோட்டுக்கு "கடற்கரை", எல்லாத்துக்கும் பொதுவா "காதல்". கேட்டா, "யார் எதைத் தேடி வர்றாங்களோ, எல்லாரும் நம்ம படத்தைப் பாக்கட்டும்மா"ம்பாரு.

வெப்சைட்டுக்காரங்க மெயில் அனுப்பிட்டாங்க. சம்பந்தமில்லாத வார்த்தைன்னு நிறைய புகாரு, எல்லாத்தையும் திருத்துங்க, இனிமே ஏத்தறதை ஒவ்வொண்ணா பாப்போம், மறுபடி தப்பு இருந்தா அக்கவுண்டை மூடிருவோம்னு. முனிராஜு அப்படியே உக்காந்துட்டாரு. கல்யாண மண்டபத்துல ராத்திரி பூரா கேமராவும் லைட்டுமா நின்னு முழங்கால் தேய்ஞ்சுதான் இந்தப் பக்கம் வந்தாரு. அவரு எடுத்த நல்ல படமெல்லாம் அந்த சைட்டுலதான் இருக்கு. அது போச்சுன்னா மறுபடி அந்தக் காலோட மண்டபம் மண்டபமா ஏறணும்.

அப்பறம் ஒவ்வொரு படமா திறந்து களையெடுத்தோம். இருக்கற நிறம், இருக்கற இடம், முன்பக்கமா பக்கவாட்டா, மழையா வெயிலா, ஓரத்துல எழுத்து போட வெத்திடம் இருக்கா. முக்கியமான வார்த்தை முதல்ல. "காரைப் பாக்காதீங்க ஆன்ட்டி, காரைத் தேடறவரைப் பாருங்க"ன்னு ஸ்டெல்லா எனக்கு சொல்லிக் குடுத்துச்சு. நல்ல பாடம் அது. ஆனா "காதலை" எடுக்கறப்ப மட்டும் முனிராஜு கெஞ்சினாரு, ஒரே ஒரு படத்துலயாச்சும் இருக்கட்டும்னு. ஸ்டெல்லா திரும்பாமலே சொல்லிச்சு: "அண்ணா, காதலைத் தேடி வந்தவங்களுக்கு நம்ம டிப்பர் லாரிய காட்டினா, பொண்ணு பாக்க வந்த இடத்துல மாமனாரை அலங்காரம் பண்ணி உக்கார வெச்ச மாதிரி."

டயருக்கு அடியில எலுமிச்சம்பழம்

இது அந்த மெயிலு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. காவேரிப்பட்டினத்துல என் தங்கச்சி இருக்கா. அவ பையன் புதுக் காரு எடுத்தப்போ கோயில் வாசல்ல வெச்சு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாங்க. அது தெரு சரிவு, ஒரு பழம் உருண்டு சாக்கடைப் பக்கம் போயிருச்சு. நல்ல நேரம் முடியப் போவுதுன்னு தங்கச்சி பதறறா, அவ வீட்டுக்காரரு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு பழத்தைத் துரத்தறாரு, ஐயரு சிரிப்பை அடக்கிக்கிட்டு மந்திரம் சொல்றாரு. முனிராஜு அன்னிக்கு என்கூட வந்திருந்தாரு. எல்லாரும் பழத்து பின்னாடி ஓட, அவரு மட்டும் தரையில படுத்து, டயரும் பழமும் மட்டும் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்தாரு பாருங்க. கறுப்பு ரப்பரு, மஞ்சப் பழம், அந்த மினுமினுப்பு. அந்தக் காலை மடக்கி எப்படித்தான் படுத்தாரோ.

நானு கேப்ஷன்ல "டயருக்கு அடியில எலுமிச்சம்பழம்"னு இங்கிலீசுல சுருக்கமா எழுதிட்டேன். இருக்கறதை இருக்கறபடி எழுதியாச்சுன்னு எனக்கு ரொம்பத் திருப்தி. நமக்குத்தான் அது பூஜைன்னு பாத்தவுடனே தெரியும். வெளிநாட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? எதுக்கு, எப்போ, யாரு செய்யறாங்கன்னு கேப்ஷன்தானே சொல்லணும். அந்த சைட்டுல வாங்கறவங்க கேள்வி கேக்கலாம். எங்கயோ குளிர் நாட்டுல இருந்து ஒருத்தரு மரியாதையா கேட்டிருந்தாரு: "பழம் நசுங்கவில்லை என்றால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா?"

ஜவளகிரி ரோடு

அந்த எச்சரிக்கைக்கு அப்பறம் புதுசா ஏத்தற முதல் படங்களை வெச்சுத்தான் அக்கவுண்டு நிக்குமா போவுமான்னு முடிவு. முனிராஜு காலையில நேரமே தளி தாண்டி ஜவளகிரி பக்கம் போயிட்டு வந்தாரு. ஸ்கிரீன்ல படத்தைப் பாத்ததும் நான் பேச்சை நிறுத்திட்டேன், அதுல இருந்தே படம் எப்படின்னு புரிஞ்சுக்கோங்க. காட்டு ரோடு. பனி. எதிர்ல ஒரு வெள்ளைக் காரு லைட்டை அணைச்சிட்டு நிக்குது. கண்ணாடிக்குள்ள ஆளோட முகம் தெரியலை, ஸ்டீயரிங் மேல தளர்வா வெச்ச கை மட்டும் தெரியுது. ரோட்டுல வேற ஒண்ணுமே இல்லை.

"யானைன்னு போடுங்கம்மா, முதல் வார்த்தையா போடுங்க"ன்னாரு முனிராஜு.

"யானை எங்க?"

"மூங்கில் பின்னாடி. குட்டியோட நின்னுச்சு. அதுக்குத்தானே அந்தக் காரும் நின்னுச்சு, எங்க வண்டியும் நின்னுச்சு. ஹாரன் அடிக்காம உள்ளயே உக்காந்து எடுத்தேன்."

அவரு பொய் சொல்லலை. அந்தப் பக்கம் வழக்கமே அதான். யானை வந்தா லைட்டை அணைச்சிட்டு, ஹாரன் தொடாம, அது போற வரைக்கும் நிக்கணும். பாரூர்ல எங்க சித்தப்பா ஒருத்தரு கரும்புத் தோட்டத்துல யானை வந்துச்சுன்னு சத்தம் போட்டு ஊரையே கூட்டி, வந்தது எருமைன்னு ஆகி, கடைசி வரைக்கும் "யானைச் சித்தப்பா"ன்னே பேரு. அவரு கேஸு வேற. முனிராஜு நிஜமாவே பாத்திருக்காரு. யானைன்னு போட்டா படம் பிச்சிக்கிட்டு போகும்னும் அவருக்குத் தெரியும்.

மத்த நேரமா இருந்தா கேப்ஷன்ல ஓரமா ஒரு வரி எழுதியிருப்பேன். இப்போ ஒவ்வொரு வார்த்தையா பாக்கறாங்க. "படத்துல துதிக்கை நுனியாச்சும் இருக்கா?"ன்னு கேட்டேன். ஸ்டெல்லா படத்தைப் பெரிசு பண்ணி மூங்கில் மூங்கிலா தேடிச்சு. ஒரு காதோட ஓரம் கிடைச்சாக்கூட காப்பாத்திரலாம்னு அதுக்கு ஆசை. கிடைக்கலை. முனிராஜு வெளிய போய் நின்னாரு. அந்த முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டே நின்னாரு.

நான் அந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். பயந்த கை இல்லை, அவசரப்பட்ட கையும் இல்லை. அப்புறம் அடிச்சேன்: வெயிட்டிங், பொறுமை, அமைதி, பனி, காட்டு ரோடு, வெள்ளைக் கார், டிரைவர் கை. கேப்ஷன்ல, "காலைப் பனியில் காட்டு ரோட்டில் லைட்டை அணைத்துக் காத்திருக்கும் கார்." முனிராஜு உள்ள வந்து படிச்சாரு. ரொம்ப நேரம் படிச்சாரு. அப்பறம் ஏத்தச் சொல்லிட்டு, ஒரே ஒரு வார்த்தை கன்னடத்தையும் சேர்த்துக்கிட்டு சொன்னாரு: "ஆயித்து, விடுங்கம்மா, யானைக்கே கவலை இல்லை, எனக்கென்ன."

நின்னவரு

பதில் வர்ற வரைக்கும் மூணு பேருக்கும் சோறு இறங்கலை. ஸ்டெல்லா சும்மா சும்மா மெயிலைத் திறக்கும், மூடும். முனிராஜு ஒரு மண்டபத்துக்காரருக்கு போன் போட்டு, ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிட்டாரு. அதை நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

மெயிலு வந்துச்சு. வார்த்தையெல்லாம் படத்துக்குப் பொருந்துது, அக்கவுண்டு தொடரும்னு எழுதியிருந்தாங்க. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்குச்சு. முனிராஜு கேமரா லென்ஸைத் துடைச்சாரு, அது ஏற்கெனவே சுத்தமாத்தான் இருந்துச்சு.

கொஞ்ச நாள்ல அந்தக் காட்டு ரோட்டுப் படத்தையே ஒருத்தர் வாங்கினாரு. எந்த வார்த்தையைத் தேடி வந்தாருன்னு சைட்டுல காட்டும்: "பொறுமை." எங்கயோ பஸ் டிரைவருங்களுக்குப் பாடம் எடுக்கறவங்களாம். கீழ ஒரு வரி எழுதியிருந்தாங்க: "இவர் எதற்காக நிற்கிறார் என்று தெரியவில்லை, ஆனால் நிற்கிற விதம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது." நான் சத்தமா படிச்சேன். முனிராஜு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாரு. படிச்சேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டு, லென்ஸு மூடிய மாட்டிக்கிட்டே கேட்டாரு: "எதுக்கு நின்னாருன்னு இப்பவாச்சும் அவங்களுக்கு ஒரு வரி எழுதிரலாமாம்மா?"

வாயை மூடுன்னு எங்க வீட்டுல ஒவ்வொருத்தரும் சொல்லிப் பாத்தும் கேக்காத நானு, பாத்ததை மட்டும் சொல்லிட்டு நிறுத்தக் கத்துக்கிட்டது பேரில்லாத காருங்ககிட்டதான், அதுவும் ஆபீஸ் நேரத்துல மட்டும்.