மஸ்தூராவின் கை மருதாணி

கெய்ரோவில் அர்துல் லிவா குடியிருப்புப் பக்கம் தஞ்சம் கேட்டு நிற்கும் சூடான் பெண்களில் கல்தூமாவைத் தெரியாதவர்கள் இல்லை. வழக்கறிஞரிடம் கூட்டிப்போவது, வெயிலில் அட்டை பிடித்து நிற்பது, போலீஸ் பிடித்துப்போனவர்களுக்காக வாசலில் மல்லுக்கட்டுவது எல்லாம் அவள்தான். சம்பளம் கிடையாது, வாய் உண்டு.

தஞ்சம் கேட்டிருந்த மஸ்தூராவின் நேர்காணலுக்கு முந்தின நாளும் அந்த வாய்தான் முந்திக்கொண்டது. வீட்டு வேலையில் பிளீச்சிங் பவுடர் தின்ற கைகள் மஸ்தூராவுக்கு.

“பெரிய மனுஷங்க முன்னாடி இந்தக் கையையா நீட்டப் போறே? கொண்டா, மருதாணி பூசறேன்.”

“புருஷன் செத்தவளுக்கு எதுக்குக்கா மருதாணி? நம்மாளுங்க பாத்தா காறித் துப்புவாங்க.”

“உள்ள இருக்கறவனுக்கு மருதாணியும் தெரியாது, மண்ணும் தெரியாதுடி.”

மறுநாள் அகதி அலுவலகத்தின் உள்ளே மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவள் சூடான்காரி. புருஷன் உயிரோடு இருப்பவள்தான் மருதாணி இடுவாள் என்று அவள் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டார். கணவன் கொல்லப்பட்டதை நம்ப முடியவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

நேர்காணலுக்குப் போகிறவர்களை யாரும் ஜோடித்து அனுப்பக் கூடாது, அனுப்பினால் இந்த உதவி வேலையிலிருந்தே வெளியே. அது வழக்கறிஞர் நெர்மீனின் கண்டிப்பு. மேல்முறையீட்டுக்காக இருவரும் அவளைப் பார்க்கப் போனபோது மாடிப்படியிலேயே கல்தூமா சொல்லிவிட்டாள்:

“நான்தான் பூசினேன்னு சொல்லிடறேன். இனி வராதேன்னா வரல.”

மஸ்தூரா படியில் நின்றாள். “போன வாரமே தனியா வந்து சொல்லிட்டேன்க்கா, வெடிப்புக்கு நானே பூசிக்கிட்டேன்னு. கையெழுத்தும் போட்டாச்சு.”

“எதுக்குடி?”

“உன்னை வெளிய தள்ளிட்டா, நாளைக்கு என் தங்கச்சி வந்தா யாரு கூட்டிட்டு வருவா? இப்ப நீயும் பேசினா ரெண்டு கதை ஆயிடும். நீ பேசின வரைக்கும் போதும்.”

கடைசி வாக்கியத்தை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் கல்தூமாவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

நெர்மீன் தேநீர் வரவழைத்தாள். எழுதியிருந்ததைப் படித்துக்காட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்க இவளை நல்லாத் தெரிஞ்சவங்க. இவ சொன்ன மாதிரிதானே நடந்தது?”

மஸ்தூரா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்தூமா தலையாட்டினாள்.

“அப்ப நீங்களே சாட்சி போடுங்க. உங்க வார்த்தைன்னா யாரும் மறுகேள்வி கேக்க மாட்டாங்க,” என்று நெர்மீன் பேனாவை நீட்டினாள்.

கல்தூமா வாங்கிக்கொண்டாள்.