கொழுந்தன் பிடித்து வைத்த இடம்

அந்தக் கப்பல் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘தபால்’ என்பார்கள். “தபால் வந்தாச்சா?” என்று யாராவது கேட்டால், அவள் வேலைக்கு வந்துவிட்டாளா என்று பொருள். கம்பெனியின் மெயில் சர்வர், ஊழியர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் சாட், வீடியோவில் நடக்கும் கூட்டங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. பட்டப்பெயரில் அவளுக்கு வருத்தம் கிடையாது. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால் தேவலை என்றுகூட நினைப்பாள்.

ஏனென்றால் அவள் பார்ப்பது அப்படியொரு வேலை. ஒழுங்காக நடக்கிறவரை அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. மெயில் நின்றால் போதும், மாடி முழுக்க அவளைத் தேடும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது. இவளுக்கோ முகம் மலர்ந்துவிடும். சொல்லக்கூடாதுதான், ஆனால் உண்மை அதுதான்: ஏதாவது பழுதானால் அவளுக்குக் கொண்டாட்டம். செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளுவாள், முடியை அள்ளிச் சொருகுவாள், விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறிப்பாள். பக்கத்து மேசையில் புகார்களுக்குப் பதில் சொல்கிறவர், ஓயாமல் பேசுவதால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியவர், உடனே போனில் அறிவித்துவிடுவார்: “கவலைப்படாதீங்க, தபால் செருப்பைக் கழட்டிட்டாங்க.”

அவள் அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தது டெலிபோன் ஆபரேட்டராக. யார் கேட்டாலும் லைனை இணைத்துக் கொடுக்க வேண்டும், இணைத்த மறுநொடி காதை எடுத்துவிட வேண்டும். டெலிபோன் போர்டு போய் சர்வர் வந்தது. பாடங்கள் படித்து, பரீட்சைகள் எழுதி அவளும் மேலே வந்தாள். காதை எடுக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. மெயிலின் உறையை, அதாவது யார் யாருக்கு அனுப்பினார்கள், தலைப்பு என்ன என்பதை மட்டும் பார்ப்பாள். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டாள். உறையில் கண்டதையும் வெளியே சொல்ல மாட்டாள். யாருடைய மெயிலையும் வரிசையில் முன்னே தள்ளிவிட மாட்டாள். முதலாளியே கேட்டாலும் சரி, “எல்லாருக்கும் ஒரே வரிசைதான் சார்.”

இன்னொரு பழக்கமும் உண்டு. சர்வரின் டிஸ்க் நிரம்பி வழிந்துவிட்டால், குப்பையை அள்ளி வெளியே போடக்கூட முடியாது. இன்னதைப் போட்டேன் என்று சர்வர் தனக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் இடம் வேண்டுமே! அதனால் ஒவ்வொரு டிஸ்கிலும் பெரிய ஃபைல் ஒன்றை வெறுமனே உட்கார வைத்திருப்பாள். அதற்குள் ஒன்றும் இருக்காது. ஆபத்து என்றால் சர்வரைக் கேட்காமலே அதை அழிக்கலாம், அந்த இடம் கைக்கு வரும். அந்த ஃபைலுக்கு அவள் வைத்த பெயர் ‘கொழுந்தன்’.

“வேலை வெட்டி இல்லாம இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குல்ல, வேற என்ன பேர் வைக்கிறது?” என்று ரேடியோவிடம் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டில் அசல் கொழுந்தன் இருந்தான். கணவனின் தம்பி. ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவன். ஹோட்டலை இழுத்து மூடியதும், “ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன் அண்ணி” என்று பையோடு வந்தான். அந்த இரண்டு வாரம் அனுமார் வால்போல் நீண்டுகொண்டே போயிற்று. காலையில் சமைத்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டுவான். அதில் குறையே சொல்ல முடியாது. அதற்குப் பிறகு சோபாவின் நடுவில் போனும் கையுமாக உட்கார்ந்தானென்றால் ஆணி அடித்ததுதான். சோபாவே அந்த இடத்தில் குழிந்துவிட்டது. “எழுந்திரு தம்பி, நாலு இடம் போய்ப் பாரு, உட்கார்ந்த இடத்துல வேலை தேடி வருமா?” என்று தினமும் ஒரு பாட்டம் பாடிவிட்டுத்தான் அவள் படியிறங்குவாள். அவன் தலையை மட்டும் ஆட்டுவான். கணவனோ பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

அன்றைக்கும் பாடிவிட்டுத்தான் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும், ரேடியோவின் போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அலறின. மெயில் போகவில்லை. வரவுமில்லை. கணக்குப் பிரிவு, சரக்குப் பிரிவு, மேல்மாடி என்று ஒருவர் பாக்கியில்லை.

செருப்பு மேசைக்கடியில் போயிற்று.

திரையைத் திறந்தாள். டிஸ்கில் எள் போட இடமில்லை. நேற்று மாலை பாதிகூட நிறையாமல் இருந்த டிஸ்க்! “யாரோ கொட்டியிருக்காங்க” என்று முணுமுணுத்தபடி பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினாள். திரும்பத் திரும்ப ஒரே உறை, ஒரே தலைப்பு, ஒரே ஆள். அவளுடைய மேலாளர்தான்! விடுமுறைக்குக் கிளம்பும்போது மனிதர் அலுவலக மெயிலெல்லாம் தன் சொந்த மெயிலுக்கு வரும்படி வைத்திருக்கிறார். எதற்கும் இருக்கட்டுமென்று, சொந்த மெயிலெல்லாம் அலுவலகத்துக்கு வரும்படியும் வைத்திருக்கிறார். ஒரு மெயில் போய், திரும்பி வந்து, மறுபடி போய், கொழுத்த படங்களையும் சுமந்துகொண்டு விடியவிடியச் சுற்றியிருக்கிறது. சாதாரணமாக இப்படிச் சுற்றுவதை சர்வரே மடக்கிவிடும். இது ஒவ்வொரு சுற்றிலும் புது மெயிலாகப் பிறந்து வந்ததால் ஏமாந்துவிட்டது.

“ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற மனுஷன்!” என்று ரேடியோ தலையில் அடித்துக்கொண்டார். “போன் போடட்டுமா?”

“விமானத்துல இருப்பார். நானே வெட்டிடறேன்.”

வெட்டினாள். சுற்றல் நின்றது. ஆனால் சர்வர் அசைந்து கொடுக்கவில்லை. எழுந்து நிற்கக்கூட அதற்கு இடமில்லை. இந்த நாளுக்காகத்தானே வளர்த்தோம் என்று, கொழுந்தனைத் தேடிப் பிடித்து, ஒரே தட்டில் அழித்தாள். டிஸ்க் மூச்சு விட்டது. சர்வர் எழுந்தது. அவளுக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ரேடியோ இருந்ததால் காலால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டாள். மேலாளரின் குப்பையை மொத்தமாகச் சலித்து வெளியே கொட்டி முடிக்க மதியமாகிவிட்டது. அடியில் சிக்கிக் கிடந்த நிஜமான மெயில்கள் வரிசையாகத் தலைகாட்டின.

அந்த வரிசையில்தான் அதைப் பார்த்தாள். அனுப்பியது கப்பல் பணியாளர் பிரிவு. தலைப்பு: ‘சமையலறை உதவியாளர் பணி — இன்று மூன்று மணிக்குள் உறுதி செய்யவும்’. பெறுபவரின் முகவரி, அவள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பவனுடையது.

இந்தக் கம்பெனிக்கே விண்ணப்பம் போட்டிருக்கிறான்! அவளிடம் மூச்சே விடவில்லை! பணியாளர் பிரிவின் வழக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்ன நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள். இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே அங்கே இல்லை.

“ரேடியோ, எல்லாப் பிரிவுக்கும் சொல்லிடுங்க. இன்னிக்கு யாராவது கெடு வெச்சு மெயில் அனுப்பியிருந்தா, அது போகவே இல்ல, கெடுவைத் தள்ளி வைக்கணும்னு.”

ரேடியோ ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். “எல்லாரும் சரின்னுட்டாங்க. பணியாளர் பிரிவு மட்டும் முடியாதாம். ராத்திரி கப்பல் கிளம்புது, சர்வருக்காக அது நிக்காது, மூணு மணின்னா மூணு மணிதான், ஒவ்வொருத்தருக்கா போன் போட நேரமில்லன்னு சொல்றாங்க.”

அவள் வரிசையைப் பார்த்தாள். உள்ளூர் மெயில்கள் குடுகுடுவென்று ஓடின. வெளியே போகவேண்டியவற்றில் பெரும்பாலானவை நின்ற இடத்தில் நின்றன. காரணத்தைத் தேடினாள். மேலாளரின் சொந்த மெயில் எந்த மெயில் சேவை நிறுவனத்தில் இருந்ததோ, கொழுந்தனுடையதும் அதே இடத்தில்தான். இரவெல்லாம் வந்து குவிந்த குப்பையைப் பார்த்து அந்த நிறுவனம் மிரண்டுபோய், இவர்கள் வாசலிலிருந்து எது வந்தாலும் ‘அப்புறம் வா’ என்று திருப்பிக்கொண்டிருந்தது. எப்போது மனம் இரங்கும் என்று அவர்களுக்கே வெளிச்சம்.

அப்போது அவளுடைய செல்போன் அடித்தது. கொழுந்தன்.

“அண்ணி, வேலையா இருக்கீங்களா?”

“சொல்லு தம்பி.”

“இல்ல… நம்ம வீட்டு நெட்டு சரியா இருக்கா? மெயில் எதுவும் வரலை.”

“ஏன், ஏதாவது வரணுமா?”

“சேச்சே, சும்மாதான் கேட்டேன்.” அவசரமாகப் பேச்சை மாற்றினான். “இல்லாட்டி அப்படியே கடைக்குப் போயிட்டு வந்துடலாம்னு பார்த்தேன். போன்லயும் சார்ஜ் இல்ல, அதை இங்கேயே போட்டுட்டு…”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உனக்கு வேலை கிடைத்துவிட்டதடா என்று கத்த வேண்டும்போல் தொண்டை வரை வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனே நேராகப் பணியாளர் பிரிவுக்குப் போன் போட்டுவிடுவான். ஆனால் அதே வரிசையில் இன்னும் எத்தனையோ பேருடைய மெயில்கள் நிற்கின்றன. அவர்களுக்கெல்லாம் யார் போன் போட்டுச் சொல்வது? காதை எடுத்துவிட வேண்டும்.

“தம்பி, இங்க சர்வர்ல கோளாறு. எங்க கம்பெனிலேர்ந்து வெளியில நிறைய பேருக்கு மெயில் போகலை. அதை ஊருக்கே சொல்லிட்டோம், உனக்கும் சொல்றேன். சரியானதும் வரவேண்டியவங்களுக்கு வரும்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்கவில்லை. “நீ எங்கேயும் போகாத. உட்கார்ந்த இடத்துலயே உட்காரு!”

இத்தனை மாதம் எழுந்திரு எழுந்திரு என்று உயிரை வாங்கிய அண்ணியா இது என்று அவன் திகைத்திருக்க வேண்டும்.

“சரி அண்ணி” என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் விதியை மீறியதா இல்லையா என்று அவளுக்குள் இன்றுவரை வழக்கு நடக்கிறது. அன்று அதற்கெல்லாம் நேரமில்லை. முன்வாசல் அடைபட்டால் பின்வாசல்! நடுக்கடலில் இருக்கும் கப்பல்களுக்கு வானிலைச் செய்தி அனுப்பத் தனியாக ஒரு வழி வைத்திருந்தார்கள். அடுத்த கட்டடத்தில் இருந்தது அந்த இயந்திரம். அதற்கு வெளியுலகத்தில் வேறு முகவரி, நல்ல பெயரும்கூட. மொத்த வரிசையையும் அந்த வழியாகத் திருப்பிவிட்டால்? அதற்கு அந்த இயந்திரத்திலேயே அனுமதி கொடுக்க வேண்டும்.

லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லை. படிகளில் இறங்கி, முற்றத்தைக் கடந்து, அடுத்த கட்டடத்துக்கு ஓடினாள். வாசல் காவலர், “மேடம், செருப்பு?” என்று கேட்டபோதுதான் வெறுங்காலோடு வந்திருப்பது தெரிந்தது. சர்வர் அறையின் குளிர் பாதத்தில் சுரீரென்று ஏறியது. அனுமதியைத் தட்டினாள், வழியைத் திருப்பினாள், வரிசையைப் பார்த்தபடி அந்த இயந்திரத்தின் முன் நின்றாள்.

முதல் மெயில் போயிற்று. அடுத்தது. அதற்கடுத்தது. கணக்குப் பிரிவின் அறிக்கை, யாரோ ஒரு கேப்டனின் மனைவிக்கு ஒரு மெயில், சரக்குக்காரருக்கு ஒரு மன்னிப்பு என்று ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒரே ஒரு கட்டளை அடித்தால் கொழுந்தனுடையதை முன்னே தள்ளிவிடலாம். விரல் துடித்தது. இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்து நின்றாள். மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. அவனுடைய முறை வந்தது. போனது. ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்தது.

இனி அவன் கையில். படித்தானா? போன் சார்ஜில் கிடக்கிறதா? கடைக்குப் போய்விட்டானா? வெளியிலிருந்து வரும் மெயில்களின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள். யார் யாரோ வந்தார்கள். மூன்று மணியை முள் நெருங்கியது. அப்போது வந்தது, அவன் முகவரியிலிருந்து பணியாளர் பிரிவுக்கு ஒரு பதில். உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையுமில்லை.

அவள் போட்ட கூச்சலில் வாசல் காவலர் உள்ளே ஓடி வந்துவிட்டார். திரும்பித் தன் மாடிக்கு வந்தபோது ரேடியோவும் மற்றவர்களும் கைதட்டினார்கள். சர்வர் பிழைத்ததற்காக என்று நினைத்துத் தட்டினார்கள். அவளும் சர்வருக்காகத்தான் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது கொழுந்தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணி, ஒரு விஷயம்… கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு. இப்பவே ஏறணும். உங்க கம்பெனிதான்.”

“அப்படியா! எங்க கம்பெனியா!” என்று அவள் வாயைப் பிளந்தாள். நடிப்பு என்றால் அவளுக்கு வேப்பங்காய். கணவன் பேப்பருக்கு மேலே கண்ணை உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி தாழ்த்திக்கொண்டான்.

“உங்க கிட்ட முன்னாடியே சொல்லலை. அண்ணி சிபாரிசுல வந்தான்னு உங்களை யாரும் பேசிடக்கூடாதுன்னுதான். இத்தனை நாளா போனைப் பார்த்துக்கிட்டே இருந்தது இதுக்குத்தான் அண்ணி. வெளியே போனா என் போன்ல நெட் இல்ல, எங்கே அந்த நேரம் பார்த்து மெயில் வந்துடுமோன்னு பயம்.” சிரித்தான். “நல்லவேளை, இன்னிக்கு நீங்க உட்காருன்னு சொன்னீங்க.”

அவளுக்கு அழுகை முட்டியது. தினமும் பாடிய பாட்டெல்லாம் நினைவுக்கு வந்து சுட்டது. “சாப்பிட்டுட்டுப் போ தம்பி” என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கும் சமைத்து வைத்திருந்தது அவன்தான்.

அவன் போன பிறகு சோபாவின் குழியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. பையன் கப்பல் ஏறிவிட்டான்!

விடுமுறை முடிந்து மேலாளர் வந்தார். நடந்ததைக் கேட்டு நாணிக் கோணி மன்னிப்புக் கேட்டார். செய்த பாவத்தைக் கழுவ நினைத்தாரோ என்னவோ, சர்வரைச் சுத்தம் செய்கிறேன் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து டிஸ்கை ஆராய்ந்தார். அவள் மறுபடி உட்கார வைத்திருந்த கொழுந்தனில் விரல் நின்றது.

“இது என்னம்மா, இவ்வளவு பெரிய ஃபைல்? உள்ள ஒண்ணுமே இல்லையே. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. தூக்கிடலாமா?”

“தொடாதீங்க சார்” என்றாள் அவள், கொஞ்சம் சத்தமாகவே. “அது அவனோட இடம்.”

மேலாளர் ஒன்றும் புரியாமல் கையை எடுத்துக்கொண்டார்.