நாலாம் பெட்டில் இருப்பவர் டீச்சர்

"வகிடு எந்தப் பக்கம்?"

சீப்பும் கையுமாக அந்த நர்ஸம்மா கேட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு நினைவில்லாமல் கிடந்தாள் என் அக்கா. அத்தான் திருதிருவென்று விழித்தார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனுஷன்! நான்தான் "நடுவுல" என்றேன்.

நர்ஸம்மா நடந்தால் சத்தமே கேட்காது. பேச்சுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. ஊசி போடும் முன், "டீச்சர், சுருக்குன்னு இருக்கும். திட்டணும்னா திட்டிக்கோங்க" என்பார், பதில் வராது என்று தெரிந்தும். "நாலாம் பெட் எப்படி?" என்று டாக்டர் கேட்டால், "பெட்டுக்கு ஒரு குறையும் இல்ல டாக்டர். டீச்சருக்குத்தான் காய்ச்சல்" என்று வரும். சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் டாக்டர் நகர்ந்துவிடுவார்.

எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாங்க? பாட்டு பிடிக்குமா? வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க? இப்படி எங்களையும் விடமாட்டார். என்ன தொணதொணப்பு என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார். விபத்தில் அடிபட்டு, கேட்க ஆளில்லாமல் வந்த ஒருவருக்கு முகத்தை மழமழவென்று சவரம் செய்துவிட்டாராம். "சுத்தமா இருக்கட்டுமேன்னுதான் பண்ணேன். கண்ணு முழிச்சவர் கன்னத்தைத் தடவிட்டு, 'இது என் மூஞ்சியே இல்ல'ன்னு ஒரே அழுகை. ஆயுசு பூரா வளர்த்த தாடி. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல."

அந்தச் சோற்றைப் பங்கு போடவும் அவருக்கு யாரும் இல்லை. ஒரு வாடகை அறை, அதில் அவர் மட்டும். அதைப் பற்றிக் கேட்டால்தான் அந்த வாய் அடங்கும். எனக்குப் பாவமாக இருந்தது.

அக்கா கண் விழித்து, பொது வார்டுக்கு மாறிய அன்று நன்றி சொல்லப் போனேன். கையசைத்து என்னை லிஃப்ட் பக்கம் ஒதுக்கினார்.

"அடுத்த வாரம் எனக்கு வயித்துல ஆபரேஷன். வேற ஆஸ்பத்திரி. வெளியில உட்கார ஆள் கிடையாது. நீங்க வந்து அங்க இருக்கிற நர்ஸுங்ககிட்ட சொல்வீங்களா?"

"கண்டிப்பா வரேன். என்ன சொல்லணும்?"

"பாதத்து மேல போர்வை போடக் கூடாது. விளக்கை முழுசா அணைக்கக் கூடாது. ஊசின்னா எனக்குப் பயம். சிரிக்காதீங்க! அப்புறம், எங்கம்மா என்னைப் பாப்பான்னு கூப்பிடுவாங்க."

நான் சிரிக்கவில்லை.

"எங்க, திருப்பிச் சொல்லுங்க."

போர்வை, விளக்கு, ஊசி என்று சொன்னேன்.

"பாப்பாவை விட்டுட்டீங்க" என்றவர், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முதலிலிருந்து மறுபடி சொல்லி முடிக்கும்வரை விடவில்லை.