சாய்ந்து நின்ற தண்ணீர்

என் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். நான் குடும்பக் கதை எழுதுகிறவள். மூன்றாம் அத்தியாயத்தில் முறைத்துக்கொண்டு பிரிகிற கணவனையும் மனைவியையும் கடைசி அத்தியாயத்தில் எப்படியாவது சேர்த்துவைத்துவிடுவேன். பேய், பிசாசு எல்லாம் என் பேனா பக்கமே வந்ததில்லை.

அதனால் இதைக் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். கற்பனை என்றால் நான் இப்படி முடித்திருக்க மாட்டேன்.

அன்று என் கணவர் வெளியூரில் இருந்தார். நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. யார் இந்த நேரத்தில் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பத்து.

கதவைத் திறந்தால், என் தங்கை.

வீட்டில் அவளை எலி என்றுதான் கூப்பிடுவோம். எதையும் உட்கார்ந்து சாப்பிடாமல் நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருப்பாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்த நேரத்தில் அவள் வானத்தில் இருந்திருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை நாள் கழித்துக் கணவனும் மனைவியுமாகக் கிளம்பிய முதல் பயணம். இருவருக்கும் முதல் விமானமும் அதுதான்.

"என்னடி, போகலையா?"

"ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. அவரே ஜன்னல்ல உக்காந்து ஊரெல்லாம் பாத்துட்டு வரட்டும்."

"பெட்டி?"

"அவர்கிட்ட."

"இதுக்கா ஃப்ளைட்டை விட்டே? என் கதையில இப்படி எழுதினா என்னை அடிக்க வருவாங்க."

அவள் சிரிக்கவில்லை. வலது காதை விரலால் அழுத்திக்கொண்டாள். "காது அடைக்குதுக்கா." எச்சில் விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். சளி பிடித்திருக்கிறது என்று கண்ணாடித் தம்ளரில் சூடாக டீ போட்டுக் கொடுத்தேன். நாலு மிடறு குடித்துவிட்டு, சின்ன அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அந்தத் தம்ளரைக் கழுவும்போது ஒன்றைக் கவனித்தேன். மீதி டீயின் ஏடு கண்ணாடியில் காய்ந்து கோடாக ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் மேலே ஏறியும் மறுபக்கம் கீழே இறங்கியும் இருந்தது அந்தக் கோடு. தம்ளரைச் சாய்த்து வைத்திருப்பாள் என்று தேய்த்துக் கழுவிவிட்டேன்.

பிறகுதான் தொலைக்காட்சியைப் போட்டேன்.

விமானத்தைக் காணவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எந்தத் தொடர்பும் இல்லையாம்.

எலி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் கணவரின் கைபேசி அணைந்திருந்தது. சமையலறை அலமாரிகள் செய்து பொருத்துவது அவர் தொழில். வாடிக்கையாளர்களுக்காக வீட்டில் ஒரு லேண்ட்லைன் வைத்திருந்தார்கள். அதற்கு அடித்தாள். நான் அவள் தோளைப் பிடித்தபடி நின்றேன்.

மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு... எடுத்தார்.

"நானும் போகல எலி. நீ வீட்டுக்கு வா."

அவள் அழுத அழுகை இருக்கிறதே! நானும் சேர்ந்து அழுதேன். டாக்சி பிடித்துக்கொள்கிறேன் என்று படியிறங்கி ஓடினாள். நான் சந்தோஷம் தாங்காமல் என் வாசகிகள் குழுவில் எழுதினேன். 'ஒரு ஜன்னல் சீட் சண்டை என் தங்கையையும் அவள் கணவரையும் காப்பாற்றிவிட்டது. நன்றாகச் சண்டை போடுங்கள் பெண்களே!' மளமளவென்று பகிர்ந்தார்கள்.

பிற்பகலில் விமான நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பயணிகளின் உறவினர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம்.

"அவங்க ரெண்டு பேரும் வீட்ல பத்திரமா இருக்காங்கம்மா. ஏறவே இல்ல," என்றேன்.

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"மேடம்... டிக்கெட் எடுத்துட்டு ஏறாதவங்க ஒருத்தர்தான். ரெண்டு பேர் இல்ல."

மாலைச் செய்தியிலும் அதையேதான் சொன்னார்கள். ஏறாதவர் ஒருவர். பெயரை இப்போது வெளியிட முடியாது. அந்த ஒருவர் எலிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வீட்டில் என் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியவள் ஆயிற்றே!

அப்படியானால், அவருடைய சீட்டில் உட்கார்ந்து போனது யார்?

எனக்குத் தோன்றியது ஊருக்குத் தோன்றாமல் இருக்குமா? என் பதிவை ஒரு சேனல் எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். ஆளாளுக்குத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் குடியிருப்பின் செயலாளர் லிஃப்டில் என்னை மடக்கினார். "டிக்கெட்டை எவனுக்கோ கைமாத்தி விட்டிருக்கார்மா உங்க தங்கச்சி வீட்டுக்காரர். அந்த ஆள்தான் ப்ளேனைக் கடத்தியிருக்கான்." மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே, "ப்ளேன் ஏதோ தீவுல பத்திரமா நிக்குதாம். நம்மகிட்டதான் மறைக்கிறாங்க," என்றார். என் நாத்தனாரோ தொலைபேசியில் அடித்துச் சொன்னாள். "அண்ணி, அந்த மாப்பிள்ளை தன்னை மாதிரியே மூஞ்சி உள்ள இன்னொருத்தனை அனுப்பியிருக்கான். முதல்ல உங்க தங்கச்சியை அங்கேர்ந்து கூட்டிட்டு வாங்க."

"சீரியல் பாக்கறதைக் கொஞ்சம் குறை," என்று வைத்துவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. மனிதர் பரம சாது. சத்தம் போட்டுப் பேசமாட்டார். அப்படிப்பட்டவர்தான் எதையும் செய்வார் என்று அத்தனை பேரும் எழுதுகிறார்கள். ஒருவேளை உண்மையாகவே டிக்கெட்டைக் கொடுத்திருந்தால்? அத்தனை உயிருக்கும் அவர் பொறுப்பென்றால்? என் தங்கை அவரோடு தனியாக இருக்கிறாள்...

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மாலை நானே கிளம்பினேன். அவளைக் கையோடு அழைத்து வந்துவிடுவது என்ற முடிவோடு.

அவர்கள் வீட்டு வாசலில் கேமராக்கள். ஒரு நிருபர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், அவர் நிஜமாவே உள்ளதான் இருக்காரா? காவல் காத்துட்டே நிக்கறோம், ஒரு ஃபோட்டோகூடக் கிடைக்கல. கல்யாண ஃபோட்டோவையே எத்தனை தடவை காட்டறது?"

"உங்களுக்குப் பயந்துதான் வெளிய வரல," என்று முறைத்துவிட்டு உள்ளே போனேன்.

மணி ஐந்தரை. வெளியே நல்ல வெயில். உள்ளே எல்லா ஜன்னலிலும் திரை இறக்கியிருந்தது. குளிர்ந்தது. ஏசி ஓடவில்லை. ஆனால் எங்கிருந்தோ ஒரு சீரான இரைச்சல்... ம்ம்ம்ம்ம் என்று. தரை வழியாகக் காலில் ஏறியது. ஃப்ரிட்ஜ் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்து, இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகள் மேல் வைத்து. பக்கத்து நாற்காலியில் எலி. சோபா காலியாகக் கிடந்தது.

"வாங்கக்கா," என்றார். எச்சில் விழுங்கினார். காதை அழுத்திக்கொண்டார். ஒரே வீடு, ஒரே சளி.

நான் வாங்கிப்போன பிஸ்கட்டைப் பிரித்து நீட்டினேன். எலி தொடவில்லை. எலி கொறிக்காத பிஸ்கட்டை நான் அன்றுதான் பார்த்தேன்.

சுவரைப் பார்த்தேன். யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்காமல் உட்காரமாட்டார் அவர். தொழில் அப்படி. மட்டம் பார்க்கிற ரசமட்டம், உள்ளே குமிழி ஓடுமே, அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அன்று அவருடைய சொந்தக் கூடத்தில் எல்லாப் படங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

அவர் கவனிக்கவே இல்லை.

தொலைக்காட்சியில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற விமானி ஒருவர் கையில் பொம்மை விமானத்தை வைத்துக்கொண்டு விளக்கினார். "இந்த இடத்துல வலது பக்கம் திரும்பியிருக்கணும்..."

"இல்ல. இடது பக்கம்," என்றார் தங்கை கணவர். மெதுவாக.

எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கறேன்ல? உங்க டிக்கெட்டை யார்கிட்ட குடுத்தீங்க?"

"யார்கிட்டயும் குடுக்கலக்கா. என்கிட்டதான் இருக்கு."

எலியின் கையைப் பிடித்தேன். "எந்திரி. நம்ம வீட்டுக்குப் போலாம். எல்லாம் தெளிஞ்சப்புறம் வரலாம்."

கை சில்லென்றிருந்தது. "அவரைத் தனியா விட்டுட்டு எப்படிக்கா?"

அப்போதுதான் முக்காலியைப் பார்த்தேன்.

இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். இரண்டிலும் தண்ணீர்.

தண்ணீர் சாய்ந்து நின்றது.

தம்ளர்கள் நேராகத்தான் இருந்தன. தண்ணீர்தான் சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் விளிம்பு வரை. மறுபக்கம் பாதி வரை. சிந்தவில்லை. ஆடவில்லை.

முக்காலி கோணல்... தரை கோணல்... மனசு எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தது. அலமாரி மேல் ரசமட்டம் கிடந்தது. எடுத்துத் தரையில் வைத்தேன்.

குமிழி நடுவில் நிற்கவில்லை.

ஓரத்துக்குப் போனது. அங்கேயே ஒட்டிக்கொண்டது.

இரைச்சல் கூடியது.

தலைக்கு மேலே எங்கோ ஒரு மணி. ஒரே ஒரு முறை.

டிங்...

"அக்கா." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "கிளம்பறதுன்னா இப்பவே கிளம்பிடுங்க. அப்புறம் எந்திரிக்கக் கூடாது."

எலி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகள் மேல் வைத்தாள்.

தண்ணீர் இன்னும் சாய்ந்தது...

ஓடிவந்துவிட்டேன்.

என் தங்கையை விட்டுவிட்டு... ஓடிவந்துவிட்டேன்.

வெளியே வெயில். "என்ன மேடம் சொல்றார்?" என்று யாரோ கேட்டார்கள். என் கையில் ரசமட்டம் இருந்தது. அதைத் தெருவோரத் திண்டில் வைத்தேன்.

குமிழி நடுவில் வந்து நின்றது.

நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. யார் நம்புவார்கள்? அடுத்த மாதம் ஒரு நடிகையின் விவாகரத்து வந்தது. ஊர் அதைத் துப்பறியப் போய்விட்டது. கேமராக்கள் கிளம்பிப்போயின. அதற்கும் பிறகுதான் விசாரணை அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏறாத அந்த ஒருத்தர் ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர். காய்ச்சல்ல படுத்துட்டார். உங்க ஆளுங்க ரெண்டு பேருமே ஏறியிருக்காங்க."

விமான நிலையத்துக் கேமராப் பதிவைக் காட்டினார். விமானத்துக்குப் போகும் வாயிலை மூடப்போகிற நேரம். பெட்டியை இழுத்தபடி தங்கை கணவர் ஓடிவருகிறார். பின்னால், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, என் எலி. அவர் திரும்பி ஏதோ சொல்கிறார். அவள் சிரித்துவிடுகிறாள். இருவரும் உள்ளே போகிறார்கள்.

விமானம் கடைசியாகத் திரும்பியது இடது பக்கமாம்.

தொடர்பு அறுந்த நேரம், ஒன்பது பத்து.

"அவங்க வீட்ல இருக்காங்கன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். வேற யாரும் பாக்கல. ஏன் அப்படி எழுதினீங்க?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கதை எழுதறவங்களாமே?"

என்னிடமிருந்த மாற்றுச் சாவியோடு அவரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன். பூட்டியிருந்தது. கூடம் முழுக்கத் தூசி. ஊருக்குப் போகிறவர்கள் போர்த்திவிட்டுப் போகிற மாதிரி நாற்காலிகள் மேல் துணி. படங்கள் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதிகாரி ஒன்றை நேராக்கினார்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பழையபடி சாய்ந்தது.

"ஆணி லூசு," என்றார். ஆனால் எனக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிட்டார்.

இப்போது ஊர் என்னைச் சந்தேகப்படுகிறது. பெயர் வாங்கத்தான் அப்படி எழுதினேனாம். சிலர் நான்தான் இருவரையும் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்கிறார்கள். பேசட்டும். அவர்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

ஞாயிறுதோறும் அந்த லேண்ட்லைனுக்கு அடிப்பேன்.

எலி எடுப்பாள்.

விமானத்தைப் பற்றி நான் பேசுவதே இல்லை. அவளுக்குத் தெரியுமோ, தெரியாதோ. தெரியாதென்றால், நான் எந்த வாயால் சொல்வது?

போன ஞாயிறும் பேசினேன். பின்னால் அதே இரைச்சல்.

"காது இன்னும் அடைக்குதாடி?"

"ஆமாக்கா. ஆனா ஒண்ணு தெரியுமா? ஜன்னல் பக்கம் எனக்கே விட்டுக் குடுத்துட்டார்."

"அப்படியா... ஜன்னல்ல என்னடி தெரியுது?"

நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கிறாள் போலிருக்கிறது.

"மேகம்தான்க்கா," என்றாள். "கீழே."